முதல் மூட்டை

போன வாரம் ஆரணியிலிருந்து வந்தவாசிக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு டேங்கர் லாரி. முந்த இடமில்லாமல் எங்கள் ஓட்டுநர் அதன் பின்னாலேயே ஊர்ந்துகொண்டிருந்தார். டேங்கரின் பின்குழாயிலிருந்து கறுப்பாக ஏதோ சொட்டிச் சாலையில் கோடு போட்டுக்கொண்டே போனது. ஜன்னல் வழியாக வாசனை வந்ததுமே தெரிந்துவிட்டது, மொலாசஸ். சர்க்கரை ஆலையில் சர்க்கரையெல்லாம் எடுத்த பிறகு மிஞ்சுகிற பாகு. கருகிய வெல்லமும் புளித்த கள்ளும் கலந்தாற்போல் இருக்கும். பக்கத்து இருக்கை அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டேன். ஒரு காலத்தில் என் தலைமுடி, துப்பட்டா, சாப்பாட்டுப் பை எல்லாவற்றிலும் குடியிருந்த வாசனை அது.

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த நாட்கள். சும்மா என்றால் அம்மாவோடு சேர்ந்து பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தேன் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் இரண்டு தறி. பெரணமல்லூர் சாலையில் மாட்டுத்தீவன மில் ஒன்றில் மெஷின் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். முதலாளி ராஜவேலு மேலும் கீழும் பார்த்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு கைப்பிடி மக்காச்சோளம். பேசும்போதே ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொள்வார். "பொண்ணா இருந்தா இன்னா, ஸ்பேனர் புடிக்கத் தெரியும் இல்ல?" என்றார். தெரியும் என்றேன். அதுவரை பரீட்சைக்கு மட்டும்தான் பிடித்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

மில்லின் வயிறு என்று சொல்ல வேண்டுமானால் அந்த மிக்சரைத்தான் சொல்ல வேண்டும். ஒரு பெரிய படகுக்கு இரும்பு மூடி போட்டு, ஆள் உயர மேடையில் தூக்கி வைத்தாற்போல் இருக்கும். உள்ளே நீளமாக ஒரு தண்டு, தண்டைச் சுற்றிச் சுருள் சுருளாக இரும்புப் பட்டை. தண்டு சுற்றும்போது வெளிச்சுருள் தீவனத்தை ஒரு பக்கம் தள்ளும், உள்சுருள் மறுபக்கம் தள்ளும். இப்படித் தள்ளித் தள்ளியே தவிடு, உடைத்த சோளம், புண்ணாக்கு, உப்பு, தாதுக்கள் எல்லாம் ஒன்றாகும். கடைசியில் மொலாசஸ். இதற்கு ரிப்பன் மிக்சர் என்று பெயர். முதல் நாள் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு என் பின்னலைப் பார்த்துச் சிரித்தவர் ஏழுமலை அண்ணன். மிக்சரை ஓட்டுவது அவர் வேலை. அது நின்று போனால் என்னைக் கூப்பிடுவதும் அவர் வேலை. இரண்டாவது வேலைதான் அவருக்கு அதிகம்.

ஏனென்றால் அந்த மெஷினுக்கு வராத நோயே கிடையாது. மழை ஈரத்தில் பெல்ட் நழுவி, பிடிபட்ட பன்றி போலக் கத்தும். இறுக்கினால் பேரிங் சூடாகும். கை வைத்து மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டால் சூடு அதிகம் என்று கணக்கு. என் உள்ளங்கைதான் அங்கே தெர்மாமீட்டர். தண்டின் இரண்டு முனையிலும் இடைவெளியை அடைக்கத் திணித்த கயிறு தேய்ந்து, தவிட்டுத் தூள் புகை மாதிரிக் கசியும். மொலாசஸை அவசரமாக ஊற்றினால் தீவனம் உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொள்ளும், மோட்டார் மூச்சுத் திணறி நின்றுவிடும். அப்புறம் மூடியைத் திறந்து, மண்வெட்டியால் வாரி வெளியே போட வேண்டும். ஒன்றைச் சரிசெய்து விட்டு நிமிர்ந்தால் இன்னொன்று. என் பாடப் புத்தகத்தில் ஒவ்வொரு கோளாறுக்கும் பக்கத்திலேயே அதன் காரணமும் அச்சாகியிருந்தது. மில்லில் அப்படிப் பக்கத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா தெருவாசல் வழியாக விடமாட்டார். தவிட்டில் எண்ணெய் உண்டு, அது பட்டு நூலில் பட்டால் கறைதான். பின்பக்கமாகப் போய், குளித்துவிட்டுத்தான் தறிப் பக்கம் தலைகாட்ட முடியும். ஒருநாள் இப்படிக் குளித்துவிட்டு வந்து அப்பாவிடம் மிக்சர் புராணத்தைப் பாடிக்கொண்டிருந்தேன். நெய்துகொண்டே கேட்டவர், "தறில ஒரு இழ அறுந்தா கண்ணுக்குத் தெரிஞ்சிடும். கலக்குற வேலைல எது கலக்கலன்னு எப்பிடிம்மா கண்டுபுடிப்ப?" என்றார். மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்புவோம் என்று பெருமையாகச் சொன்னேன். ஓகோ என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மாதிரி எடுத்தது உண்மைதான். மூட்டைகளின் வாயிலிருந்து ஒவ்வொரு கைப்பிடி. எல்லாம் சரியாகவே வந்துகொண்டிருந்தது.

மூட்டை கட்டும் இடத்தில் ஐந்தாறு பெண்கள். அவர்களில் மல்லிகா அக்கா என்னோடு சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்கிறவர். பெரணமல்லூர்ப் பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரர் கோவிந்தன், அரை ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தார். மிக்சரின் அடியில், நடுவில் ஒரு தகட்டுக் கதவு. அதற்குக் கேட் என்று பெயர். கேட்டுக்குக் கீழே ஒரு குழாய். கோணியின் வாயைக் குழாயில் மாட்டிக் கட்டிவிட்டுக் கையசைப்பார் மல்லிகா அக்கா. ஏழுமலை அண்ணன் கேட்டை இழுப்பார். தீவனம் கொட்டும். தும்மிக்கொண்டே அடுத்த கோணியை எடுப்பார் அக்கா. அவர் தும்முவதை வைத்தே அன்றைக்குத் தவிடு எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

காலையில் விழுகிற முதல் மூட்டை எப்போதும் சரியாக அமையாது. நிறம் வெளுத்திருக்கும், எடை முன்னேபின்னே இருக்கும். அதை விற்பனைக்கு அனுப்ப முதலாளிக்கு மனம் வராது. வேலை செய்கிறவர்கள் வீட்டிலும் மாடு இருக்கிறதே, முறை வைத்து ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லியிருந்தார். அந்த மூட்டைக்கு நாங்கள் வைத்த பெயர்தான் முதல் மூட்டை. முறை வருகிற நாளில் வீட்டு ஆட்கள் சைக்கிளோடு வந்து மாலையில் வாசலில் நிற்பார்கள். கோவிந்தனை நான் முதலில் பார்த்தது அப்படித்தான். மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு, "எங்க மாடு இத்த வெச்சா தான் தல தூக்கும்" என்று என்னிடம் சொன்னார். அந்தக் கலப்பின மாட்டுக்குத் தனியாகப் பெயரெல்லாம் வைக்கவில்லை. எங்க மாடு, அவ்வளவுதான். அதன் பால் காசில்தான் அவர்கள் பெண் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் புண்ணாக்கு கிடைப்பது அரிதாகிவிட்டது. அதற்கு ஈடாக யூரியா சேர்க்கலாம் என்று முதலாளிக்கு யாரோ விவரம் சொன்னார்கள். நீங்கள் பதற வேண்டாம். வயலுக்குப் போடுகிற அதே யூரியாதான், ஆனால் கொஞ்சமாக இருந்தால் மாட்டின் வயிறு அதைச் சத்தாக மாற்றிக்கொள்ளும். எல்லா ஊரிலும் சேர்ப்பதுதான். அளவு மீறக் கூடாது, தீவனம் முழுக்க சமமாகப் பரவியிருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அளவை முதலாளியே நின்று நிறுத்துக் கொடுத்தார்.

பிறகு மழைக்காலம் வந்தது. இரவெல்லாம் தரைத்தொட்டியில் கிடந்த தவிடு ஈரம் பிடித்து, அதை மிக்சருக்கு மேலே தூக்கிக்கொண்டு போகும் வாளிச் சங்கிலியில் காலையில் அடைத்துக்கொள்ளும். நான் ஏணியில் ஏறி அடைப்பை எடுத்துக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் ஏழுமலை அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க மாட்டார். உப்பு, தாது, யூரியா முதலிய சின்னச் சாமான்களை மேடையில் நின்று மிக்சருக்குள் கையால் கொட்டி முடித்துவிடுவார். தவிடு பின்னால் வந்து சேரும். எப்படியும் உள்ளே போய்க் கலக்கப் போகிறதுதானே. நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன், யாராக இருந்தாலும் நினைத்திருப்பார்கள்.

ஐப்பசியில் ஒருநாள் மல்லிகா அக்கா வேலைக்கு வரவில்லை. மறுநாள் வந்தவர் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாட்டைத் திறக்காமலே வைத்துக்கொண்டிருந்தார். மெதுவாகச் சொன்னார். காலையில் அக்கா தீவனம் வைத்துவிட்டுப் பால் வண்டிக்கு ஊற்றப் போனாராம். திரும்பி வருவதற்குள் மாடு நடுங்கிக்கொண்டு நின்றதாம். வயிறு பக்கவாட்டில் உப்பிக்கொண்டே வந்தது. வாயில் நுரை. கால்நடை டாக்டர் தேசூரில் வேறொரு மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனில் கேட்டுவிட்டு, வினிகர் வாங்கித் தண்ணீரோடு கலந்து உடனே வாயில் ஊற்றச் சொன்னார். கிராமத்தில் வினிகருக்கு எங்கே போவது. கோவிந்தன் மழையில் சைக்கிளை மிதித்துக் கடை கடையாகக் கேட்டு, கடைசியில் பிரைட் ரைஸ் போடுகிற தள்ளுவண்டிக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி அரைப் பாட்டில் வாங்கிக்கொண்டு வந்தார். அதற்குள் மாடு காலை நீட்டிவிட்டது.

டாக்டர் வந்து பார்த்தார். வீட்டில் யூரியா இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. நெல்லுக்குப் போட வாங்கிய மூட்டை, கொட்டகை மூலையில் வாய் திறந்தபடி. முந்தின நாள் வயலுக்கு எடுத்துப் போன கோவிந்தன்தான் வாயைக் கட்டாமல் விட்டிருந்தார். மாடு நக்கியிருக்கும் என்றார் டாக்டர். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அந்தக் கொட்டகையைப் பார்த்த யாரும் அதைத்தான் சொல்வார்கள்.

"ஒரு கயிறு எடுத்துக் கட்ட முடில அந்த மனுஷனுக்கு," என்றார் மல்லிகா அக்கா. அதற்கப்புறம் அவர் வீட்டுக்காரரோடு பேசவில்லை. சோறு போட்டுவைப்பாராம், பேச மாட்டாராம். மாமியாரும் மகனோடு பேசவில்லை. பெண் கூட அப்பாவைப் பார்த்தால் எழுந்து உள்ளே போய்விடுவாளாம். தெருவில் போகிற வருகிறவர்கள் வேறு, "இன்னா கோவிந்தா, மூட்டைய கட்ட மாட்டியா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கார்த்திகை தீபத்துக்கு முன்பே ஊர் ஆட்கள் சிலரோடு அவர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். சொல்லிக்கொண்டு போகவில்லை. துணியை எடுத்து மடிப்பது தெரிந்தும் அக்கா கேட்கவில்லை.

நான் அந்த நாட்களில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தேன். பேரிங்குக்கு கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தேன். கத்துகிற இடத்துக்கெல்லாம் ஓடிக்கொண்டிருந்தேன். மெஷின் முன்னைக்கு இப்போது தேவலை என்று முதலாளி என்னைப் பாராட்டக்கூடச் செய்தார்.

கொஞ்ச நாள் போயிற்று. ஏழுமலை அண்ணனின் மாடு செத்தது. அதே நடுக்கம், அதே உப்பல், அதே நுரை. ஆனால் அவருக்கு நிலம் கிடையாது. வீட்டில் யூரியா என்ற பேச்சுக்கே இடமில்லை.

மறுநாள் காலை முதல் கலவையைப் போட்டுவிட்டு இறங்கியவர், மறுபடி மேடையில் ஏறாமல் கீழேயே நின்றுகொண்டிருந்தார். நான் அவரிடம் தீவனத்தைப் பற்றிக் கேட்டேன். முதல் மூட்டைதான், முறைப்படி வாங்கிப் போனது. பல நாட்களாக அதைத்தான் வைத்துக்கொண்டிருந்தாராம், மாடு நன்றாகவே இருந்தது. "நேத்து அடில இருந்தத ஒதறிப் போட்டேன். அதோட மூட்ட தீந்துச்சு," என்றார். மூட்டை கட்டிக்கொண்டிருந்த மல்லிகா அக்கா கையை நிறுத்திவிட்டுத் திரும்பினார். அவர் வீட்டிலும் அன்றைக்கு மூட்டை தீர்ந்த நாள்தான்.

அன்றைய முதல் மூட்டை கட்டி ஓரமாக வைத்திருந்தது. தரையில் தார்ப்பாயை விரித்தோம். மூட்டையை அவிழ்த்து, நானும் அண்ணனும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துத் தலைகீழாகக் கவிழ்த்துக் கோணியை மெதுவாக உருவினோம். கோணியின் அடியில் இருந்தது இப்போது குவியலின் உச்சியில் வந்து நின்றது. வெள்ளையாக, குருணை குருணையாக. யாரும் தொட்டுப் பார்க்கவில்லை, தேவைப்படவில்லை.

மெஷினை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கேட்டைத் திறந்து கீழேயிருந்து கையை விட்டேன். தொட்டியின் அடிக்கும் கேட்டின் தகட்டுக்கும் நடுவில் ஒரு சாண் ஆழத்துக்குக் கழுத்து மாதிரி ஒரு பெட்டி இருந்தது. மெஷினை அமைத்த காலத்திலிருந்தே இருப்பது. சுருள்பட்டை எவ்வளவு சுற்றினாலும் அந்தக் குழிக்குள் எட்டாது. முதலில் எது விழுகிறதோ அது அங்கேயே உட்கார்ந்துகொண்டு, கலக்காமல், கேட் திறக்கும்வரை காத்திருக்கும். தவிடு முதலில் விழுந்த காலமெல்லாம் அங்கே வெறும் தவிடு இருந்தது, பாதகமில்லை. மழைக் காலைகளில் யூரியா முதலில் விழுந்தது. கேட் திறந்ததும் முதல் கோணியின் அடியில் போய்ப் படிந்தது. அதற்கு மேல் நல்ல தீவனம். நாங்கள் மாதிரி எடுத்ததெல்லாம் வாயிலிருந்து. இதில் எந்த இடத்திலும் ஒரு சத்தம் இல்லை, சூடு இல்லை, கசிவு இல்லை.

நான் கையை வெளியே எடுத்தபோது மல்லிகா அக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என் கையைப் பார்த்தார். முதலாளியும் வந்து நின்றார். அவர் பையில் இருந்த மக்காச்சோளத்தின் மேல் கை போய், அப்படியே நின்றுவிட்டது. அக்கா அவரையும் பார்க்கவில்லை, மாட்டைப் பற்றியும் எதுவும் கேட்கவில்லை.

"அப்போ, அவரு இல்லியா," என்றார்.

அதற்குப் பிறகு அன்றைக்கு நடந்தது எல்லாம் ஓட்டம்தான். மழைக்காலத்தில் யார் யார் முதல் மூட்டை எடுத்துப்போனார்கள் என்று கேட்டுக் கேட்டு, மில் வண்டியில் வீடு வீடாகப் போய் மீதியிருந்த மூட்டைகளைத் தூக்கிவந்தோம். ஒரு வீட்டில் அடி தட்டுவதற்குக் கொஞ்சம்தான் பாக்கி. முதலாளி ஒவ்வொரு வாசலிலும் இறங்கி நின்று கையெடுத்துக் கும்பிட்டார். எதற்கென்று சில வீடுகளில் புரியவே இல்லை. நல்லதென்று நினைத்துக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு வருகிற அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் மல்லிகா அக்கா என் போனை வாங்கிக் கோவிந்தனைக் கூப்பிட்டார். பட்டனை அழுத்தும்போது எப்படியோ ஸ்பீக்கரில் போய்விட்டது. பின்னால் கல் உடைக்கிற மெஷின் சத்தம் கேட்டது. அக்கா முழுவதையும் சொன்னார். கழுத்துப் பெட்டியைச் சொல்லத் தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார், "மெஷின்ல ஏதோ குழியாம்" என்று முடித்தார்.

"அப்பிடியா," என்றார் கோவிந்தன். பிறகு, "மழ நின்னுச்சா அங்க?"

"நின்னுச்சு," என்றார் அக்கா.

அவ்வளவுதான் பேசினார்கள்.

பெட்டியை அறுத்தெடுத்துவிட்டுத் தொட்டியின் வளைவுக்கே பொருந்துகிற மாதிரி ஒரு வளைந்த கதவு வைத்தோம். அரை நாள் வேலை. யூரியாவை முதலாளி அன்றோடு நிறுத்திவிட்டார். ஏழுமலை அண்ணனுக்கும் மல்லிகா அக்காவுக்கும் ஆளுக்கொரு கிடேரிக் கன்று வாங்கி வந்தார். அண்ணன் ஓட்டிக்கொண்டு போனார். அக்கா கன்றின் கழுத்தைத் தடவிக் கொடுத்துக்கொண்டே, "வாணாங்க. தண்ணி காட்ட வூட்ல ஆளு இல்ல," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே ஆள் இல்லை. கோவிந்தன் பொங்கலுக்கு வந்தார், மாட்டுப் பொங்கலுக்கு முந்தின இரவே திரும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகும் நாள் கிழமைக்கு வருவார், போவார். அவரிடம் யாருக்கும் கோபம் இல்லை, அவருக்கும் யார் மேலும் இல்லை என்றுதான் சொன்னார்கள். ஆனாலும் வந்து தங்கவில்லை. நின்றுபோன மெஷினை ஓட்டத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அந்த வீட்டில் நின்றுபோனதை எங்கே தொட்டு ஆரம்பிப்பது என்று எனக்கும் தெரியவில்லை, அக்காவுக்கும் தெரியவில்லை.

நான் செய்யாறு பக்கம் வேறு கம்பெனிக்கு வந்துவிட்டேன். ராஜவேலு முதலாளி காலமாகிவிட்டார். மகன்கள் மில்லை ஓட்டவில்லை. இப்போது அந்த இடத்தில் மஞ்சள் வண்ணம் அடித்த மனைக்கற்கள் வரிசையாக நிற்கின்றன. லாரி நிறுக்கிற எடைமேடை இருந்த பள்ளத்தைக் கூட நிரவிவிட்டார்கள்.

போன வைகாசியில் மல்லிகா அக்காவின் பெண்ணுக்குக் கல்யாணம். போயிருந்தேன். அவர்கள் தெருவில் ஒரு வீட்டிலும் மாடு இல்லை. பால் வண்டி வருவதும் நின்றுவிட்டதாம், எல்லோரும் பாக்கெட் பால்தான். காபியைக் கொண்டுவந்து கொடுத்தவர் கோவிந்தன். நரைத்துவிட்டார். பேச்சில் கன்னட வாடை ஏறியிருந்தது. பெண்ணின் அப்பாவாக இல்லாமல், ஒத்தாசைக்கு வந்த உறவுக்காரர் மாதிரி ஓரமாகவே நடமாடிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்த மெஷினு வேற எங்கியாச்சும் ஓடிகினு கீதாங்க?" என்று கேட்டார்.

மில் மூடினதும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள், அறுத்து லாரியில் ஏற்றிவிட்டார்கள் என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். "ஒரு வாட்டி வந்து பாக்கணும்னு இருந்தேன். அந்தக் குழி எவ்ளோ பெருசுன்னு."

நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் விரித்து, இவ்வளவுதான் என்று காட்டினேன். அவர் என் கைகளுக்கு நடுவில் இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பந்தியில் யாரோ தண்ணீர் கேட்டார்கள். எழுந்து போனார்.